பதினாலு குஞ்சுகளும் ஒரு டின் கடலையும்

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் ஹமீது சுல்தான் சண்டைக்கு வந்திருப்பான். அடுத்த வீட்டுக்காரன் மேல் பொறாமைப்படலாம், கூடப் பிறந்தவன் மேல் படலாம், அதெல்லாம் ஊரில் நடக்கிறதுதான். கட்டின பெண்டாட்டி புறா வளர்க்கிற நேர்த்தியைப் பார்த்து ஒரு மனுஷனுக்கு வயிறு எரிகிறது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? அதனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை.

இத்தனைக்கும் அந்தப் புறாக்கள் அவனுடையவை. கீழக்கரையில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய்ச் சேருவது. வீடு பெண்ணுக்கு. கட்டில், பீரோ, அண்டா குண்டா எல்லாம் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்தால் போதும். ஹமீது உடுப்புப் பெட்டியோடு நாலு ஜோடி ஹோமர் புறாக்களையும், தானே பலகையடித்துச் செய்த கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். புதுப்பெண் மெஹருன்னிசாவும் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் ‘இது என்னுது’ என்று கை வைத்துச் சொல்ல அவனுக்கு இருந்தது மொட்டைமாடியில் நின்ற அந்தக் கூண்டு ஒன்றுதான்.

பன்னிரண்டு வயதில் பிடித்த பைத்தியம் அது. ஹோமர் என்பது எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடி வந்து சேருகிற ஜாதி. பரமக்குடிக்கு, மானாமதுரைக்கு, மதுரைக்கு என்று கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வருவான். அவனுக்கு முன்னாலேயே புறா வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தால் எவ்வளவு உயரத்தில் சுற்றினாலும் இறங்கிவிடும். புறா ஹமீது என்றால்தான் ஊரில் ஆளுக்கு அடையாளம் தெரியும்.

அந்தப் புறா ஹமீது 2014இல் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிற வேலை. போகிற அன்றைக்கு மெஹருன்னிசாவிடம், “கம்பும் தண்ணியும் வச்சிரு. மத்தத அதுகளே பாத்துக்கிரும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதுகள் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் ஐப்பசி மழையில் பதினோரு குஞ்சுகளில் ஒன்பது செத்தன. தாய் தகப்பன் ஊட்டுகிறவரை கொழுகொழுவென்று இருந்தவை, தனியே பிரித்துத் தானாகத் தின்னவிட்ட பத்து நாளில் பச்சையாகக் கழிந்து, வாந்தியெடுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தின. மறுநாள் மௌத்து. மெஹருன்னிசா ஷார்ஜாவுக்குப் போன் போட்டு அழுதாள். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஹமீது, “விடு புள்ள, குஞ்சுன்னா நாலு நிக்கும், நாலு போகும்” என்றான். அவன் வளர்த்த காலத்திலும் அப்படித்தான் போயிருந்தன.

மெஹருன்னிசா விடவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். பால்குடி மறந்து சோற்றுக்கு மாறுகிற பிள்ளைக்குத்தான் வயிறு படுத்தும் என்பது அவளுக்குத் தெரியும். புறாக் குஞ்சுக்கும் அதே வயதில் அதே கேடுதானே வருகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது ஏன் தனக்குத் தோன்றாமல் போயிற்று என்பதை ஹமீது பின்னால் பலமுறை யோசித்தான். நல்ல எண்ணத்தோடு யோசித்தான் என்று சொல்வதற்கில்லை.

அவள் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. கம்பையும் பயறையும் வெயிலில் காயவைத்துப் புடைத்து, மக்கின வாசம் துளி இருந்தாலும் குப்பையில் கொட்டினாள். வாரம் இரண்டு நாள் மோரைத் தெளியவைத்து, மேலே நிற்கிற தெளிவை மட்டும் குடிதண்ணீரில் கலந்தாள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை இடித்து, செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் சேர்த்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். தண்ணீரை மூன்று வேளையும் மாற்றினாள். ஒரு கூண்டில் எட்டுக்கு மேல் குஞ்சுகளை அடைக்கமாட்டாள். வெளியிலிருந்து புதுப் புறா வந்தால் இரண்டு வாரம் கீழே தனியாகத்தான் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, விடிகாலையில் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து, தொண்டைக்குக் கீழே தீனி தங்குகிற இரைப்பையை ஒரு விரலால் தடவிப் பார்ப்பாள். நேற்றைய தீனி இறங்கி, பை காலியாக இருக்கவேண்டும். இறங்கவில்லையென்றால் அந்தக் குஞ்சுக்கு அன்றைக்குக் காலைத் தீனி கிடையாது. எச்சத்தையும் பார்ப்பாள். கெட்டியாக, வெள்ளைத் தொப்பியோடு இருந்தால் முகம் மலரும்.

அடுத்த வருஷம் இரண்டு குஞ்சுகள் போயின. அதற்கடுத்த வருஷம் ஒன்றுகூடப் போகவில்லை. ஹமீது ஷார்ஜாவிலிருந்து, கடலோரப் புறாக்காரர்கள் என்ற வாட்ஸ்அப் குழுவில் அவள் நம்பரைச் சேர்த்துவிட்டான். சேர்த்தது அவன்தான். அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டவனும் அவன்தான்.

குழுவில் பாதிப்பேர், நோய் வந்தாலும் வராவிட்டாலும் வாரம் தவறாமல் மருந்துப் பொடியைத் தண்ணீரில் கொட்டுகிறவர்கள். மெஹருன்னிசா ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு வாய்ஸ் போட்டாள். “நோயில்லாத குஞ்சுக்கு அந்தப் பொடியப் போட்டா வயித்துல இருக்குற நல்லதும் சேந்து செத்துரும்ங்க. டாக்டர் சொன்னா மட்டும் குடுங்க. மொதல்ல தண்ணிப் பாத்திரத்தக் கழுவுங்க.” கேட்டவர்கள் சிரித்தார்கள். மழைக்காலத்தில் அவர்கள் கூண்டெல்லாம் காலியாகி அவள் கூண்டு நிறைந்திருந்தபோது சிரிப்பு நின்றது. அதன்பிறகு ராமநாதபுரத்திலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் கமுதியிலிருந்தும் அக்கா, அக்கா என்று ஓயாமல் போன் வந்தது.

போன வருஷம் ஹமீது ஒரேயடியாகத் திரும்பி வந்தான். இடுப்புவலி, வயது நாற்பத்தேழு, இனி புறாவும் வீடும் போதும் என்று முடிவுசெய்து வந்தவன். வந்த மறுநாள் காலை மாடியேறினான். முப்பது புறாக்கள் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு விரலை வாயில் வைத்து, ஒன்பது வருஷம் சேர்த்துவைத்த ஆசையெல்லாம் திரட்டி ஒரு விசில் அடித்தான்.

ஒன்றும் இறங்கவில்லை. மறுபடி அடித்தான். புறாக்கள் இன்னும் கொஞ்சம் மேலே போயின. அந்த நேரம் பார்த்து மெஹருன்னிசா படியேறி வந்து, கையிலிருந்த கம்பு டப்பாவை இரண்டு குலுக்கு குலுக்கினாள். முப்பதும் அவள் காலடியில் வந்து விழுந்தன.

“ஆளு புதுசுல்ல மச்சான், அதான் பயப்படுதுங்க” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஹமீதுக்கு அது சுருக்கென்று குத்தியது. அவன் கொண்டுவந்த புறாவுக்கு அவனே புது ஆள்.

அதிலிருந்து ஆரம்பித்தது. ஜும்மா தொழுதுவிட்டு வெளியே வந்தால் எவனாவது வழிமறித்து, “நீங்க மெஹருன்னிசாக்கா வீட்டுக்காரர்தானே?” என்பான். ஆமாம் என்றால், “அக்காகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா, குஞ்சுக்கு மோருத்தண்ணி காலையிலயா சாயங்காலமா?” என்பான். புறா ஹமீது என்ற பெயரைத் தெருவே மறந்துவிட்டது. குழுவில் அவன் ஏதாவது யோசனை சொன்னால் கீழே ஒருத்தன், ‘அக்கா என்ன சொல்றாங்க?’ என்று எழுதுவான். சாப்பிடும்போது மெஹருன்னிசாவின் போன் அடித்தால் ஹமீதுக்குச் சோறு இறங்காது. அவள் சிரித்துப் பேசினால் கோபம் வரும். பேசாமல் வைத்தால், தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வைக்கிறாளோ என்று அதைவிடக் கோபம் வரும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை இருக்கு? பழைய மொதலாளி விசாவ எடுத்து வச்சிருக்காரு, வான்னா போயிர்றேன்” என்று கத்திவிட்டான். மெஹருன்னிசா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த வருஷம் பதினாலு குஞ்சுகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி கிண்ணென்று இருந்தன. தை மாதம் திருச்சியிலிருந்து பறக்கவிடுகிற குஞ்சுப் பந்தயம். முதல் மூன்று இடமும் கீழக்கரைக்குத்தான் என்று குழுவில் இப்போதே பேச்சு. கீழக்கரைக்கு என்றார்கள், அக்காவுக்கு என்றார்கள், ஹமீதுக்கு என்று ஒரு வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை.

தாயிடமிருந்து குஞ்சுகளைப் பிரித்து இரண்டு கூண்டில் விட்ட அன்றைக்கு மெஹருன்னிசா, “பெருசுகள நீங்க பாருங்க மச்சான். குஞ்சுகள மட்டும் ஒரு மாசத்துக்கு எங்கிட்ட விட்டுருங்க. இப்பத்தான் வயித்துக்குக் கண்டம்” என்றாள்.

தன் கூண்டு, தன் புறாக்களின் வம்சம், தன்னையே தொடாதே என்கிறாள். ஹமீது தலையாட்டினான். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய்க் கடலைப் பருப்பு வாங்கிவந்தான். வேர்க்கடலை. புறாவைக் கைக்குப் பழக்க அதைவிட வசியம் கிடையாது. சின்ன வயதில் அவன் புறாக்களை அப்படித்தான் மடக்கினான். ரொட்டிக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி, மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தான்.

மெஹருன்னிசா தினமும் இரண்டரை மணிக்குப் பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கப் போய்விட்டுச் சாயங்கால அஸர் தொழுகைக்குத்தான் திரும்புவாள். அந்த இரண்டு மணி நேரம் மாடி அவனுடையது. முதல் நாள் ஒரு கடலையை நாலாக உடைத்துக் கையில் வைத்து நீட்டினான். குஞ்சுகள் மிரண்டு பின்னுக்குப் போயின. சாம்பல் நிறத்தில், வலது சிறகில் மட்டும் ஒரு வெள்ளை இறகோடு ஒன்று இருந்தது. அது கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. இரண்டு அடி வைத்தது. கொத்தியது. உள்ளங்கையில் அந்த அலகு பட்டபோது ஹமீதுக்கு உடம்பு சிலிர்த்துக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் திரும்பக் கிடைத்தான்.

நாலாம் நாள் பதினாலும் அவன் கையைச் சூழ்ந்தன. சாம்பல் குஞ்சு மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விசிலடித்தால் இப்போது திரும்பிப் பார்த்தன. ஹமீது தாராளமானான். ஒரு கடலை பத்தாயிற்று, பத்து ஒரு பிடியாயிற்று. அவள் கம்பை அளந்து போடுகிறவள், இவன் கையை விரித்துக் கொட்டுகிறவன். குஞ்சுகளுக்கு யாரைப் பிடிக்கும்? ஒரு மாதம் முடியட்டும், எல்லார் முன்னாலும் ஒரே விசிலில் இறக்கிக் காட்டுகிறேன் என்று அவன் மனசுக்குள் பெருமை பேசிக்கொண்டான்.

பத்து நாள் கழித்து ஒரு விடிகாலையில் மெஹருன்னிசா குஞ்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். “அஞ்சு குஞ்சுக்கு இரைப்பை எறங்கல மச்சான். கல்லு மாதிரி இருக்கு.” அந்த ஐந்துக்கும் காலைத் தீனியை நிறுத்தினாள். மறுநாள் எட்டுக்கு நிறுத்தினாள். ஹமீதுக்குப் பொங்கியது. பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாளே, இவளெல்லாம் ஒரு புறாக்காரியா என்று நினைத்தான். மத்தியானம் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகக் கடலை போட்டான். அவள் குறைக்கக் குறைக்க அவன் கூட்டினான். ஏன் இறங்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பொறாமை பிடித்தவனுக்கு எல்லாம் புரியும், தன் கை செய்வது மட்டும் புரியாது.

அடைமழை பிடித்தது. தொட்டியடியில் ஈரம் ஊறிக் கடலையில் ஒரு மாதிரி வாடை வந்தது. ஊதிவிட்டுப் போட்டான்.

அந்த வாரம் குஞ்சுகள் கழிய ஆரம்பித்தன. பச்சைத் தண்ணீராகக் கழிந்தன. மெஹருன்னிசா ஆடிப்போனாள். கூண்டைச் சுரண்டித் தேய்த்துக் கழுவினாள். மோர் புளித்துவிட்டதோ என்று மோரை நிறுத்தினாள். கம்பில் கோளாறோ என்று ஒரு மூட்டைக் கம்பையும் குப்பையில் கொட்டினாள். சிப்பித் தூளை மோந்து பார்த்தாள், தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தாள். “எங்கயோ நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன், எங்கன்னு தெரியலியே” என்று புலம்பினாள்.

இந்த இடத்தில் ஹமீதைப் பற்றி ஒரு அசிங்கமான உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் அப்படிப் புலம்பியபோது அவனுக்கு இனித்தது. ஒரு நொடிதான். ஆனாலும் இனித்தது. ‘அக்கா வீட்டுக் குஞ்சுக்கே நோயா?’ என்று குழுவில் யாரோ எழுதியதை அவன் மூன்று தடவை படித்தான். ‘அப்ப மோருத்தண்ணியெல்லாம் சும்மாதானா’ என்று இன்னொருத்தன் எழுதியிருந்ததை நாலு தடவை படித்தான்.

மறுநாள் இரண்டு குஞ்சுகள் செத்தன. அதற்கு மறுநாள் மத்தியானம் ஹமீது கூண்டைத் திறந்தபோது சாம்பல் குஞ்சு கையருகே வந்தது, ஆனால் கொத்தவில்லை. அலகிலிருந்து புளித்த வாடையோடு தண்ணீர் வடிந்தது. வழக்கம்போல மணிக்கட்டில் ஏறப் பார்த்து, முடியாமல், உள்ளங்கையிலேயே குந்திக்கொண்டது. அஸர் பாங்கு சொல்கிறவரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பாங்கு முடிவதற்குள் அது அடங்கிவிட்டது. கடலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று அவன் சொல்லிக்கொண்டான். அன்றைக்குக் கடலை போடவில்லை.

குழுவை நடத்துகிறவன் வேல்ராஜ், ராமநாதபுரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். அக்காவுக்கு ஒன்று என்றால் விடமாட்டான். அடுத்த நாள் காலையில் கால்நடை டாக்டர் சத்யப்பிரியாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். டாக்டர் ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்தார். பிறகு மாடியில் செய்தித்தாளை விரித்து, துணியில் சுற்றிவைத்திருந்த சாம்பல் குஞ்சை அறுத்தார். ஹமீது தள்ளி நின்றான்.

இரைப்பையைத் திறந்ததும் புளித்த நாற்றம் எல்லார் மூக்கிலும் ஏறியது. உள்ளே வெள்ளைக் கூழ். கூழுக்கு நடுவே உடைந்த கடலைப் பருப்புகள், ஊறிப் பெருத்துப்போய் இருந்தன.

“யாரு கடலை குடுத்தது?” என்றார் டாக்டர். “ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல. இந்த வயசுக் குஞ்சுக்கு எண்ணெய்ச் சத்து இவ்வளவு தாங்காது. செரிக்காம அங்கனயே கெடந்து புளிச்சு, வயித்துல இருக்க வேண்டிய நல்ல கிருமி அழிஞ்சு, கெட்டது பெருகிருச்சு. வாடையப் பாத்தா பூசணம் பிடிச்ச கடலை வேற. யாரு போட்டா?”

வேல்ராஜ் மெஹருன்னிசாவைப் பார்த்தான். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஹமீது நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் டாக்டர்” என்றாள். “சீக்கிரம் உடம்பு போடட்டும்னு போட்டேன்.”

“நீங்களாக்கா?” என்றான் வேல்ராஜ். அவன் குரல் இறங்கிவிட்டது. அவள் தரையைப் பார்த்தாள். டாக்டர் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார். இன்று முழுக்கத் தீனி வேண்டாம், உப்பு சர்க்கரைக் கரைசல் மட்டும். நாளையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பு. மருந்து எல்லாவற்றுக்கும் வேண்டாம், ரொம்ப மோசமான மூன்றுக்கு மட்டும், அதுவும் ஐந்தே நாள். தேறியபிறகு மோர்த் தெளிவை மறுபடி ஆரம்பிக்கலாம்.

கீழே காரில் ஏறும்போது வேல்ராஜ் ஹமீதின் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, நீங்க ஊருக்கு வந்துட்டது நல்லதாப் போச்சு. அக்காவுக்கு என்னதான் கைப்பழக்கம் இருந்தாலும் நீங்க பழைய ஆளு. இனிமே குஞ்சுகள நீங்களே பாத்துக்கங்கண்ணே. குரூப்லயும் சொல்லிர்றேன்.”

ஒரு வருஷமாக எதற்காக ஏங்கினானோ அது அவன் கையில் வந்து விழுந்தது. கார் தெருமுனை திரும்புகிறவரை ஹமீது அங்கேயே நின்றான். அவனுக்கு இனிக்கவில்லை. காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

மாடிக்கு வந்தான். மெஹருன்னிசா தண்ணீர்ப் பாத்திரங்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“நேத்து சாயங்காலம் கூண்டுக்கடியில செவப்புத் தோல் கெடந்துச்சு. தேடிப் பாத்தேன், தொட்டிக்குப் பின்னாடி டின்னு இருந்துச்சு. கொட்டிட்டுக் கழுவிக் கவுத்திட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? திட்டியிருக்கலாம்ல?”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “கேட்டா ரோசம் வரும். ரோசம் வந்தா பொட்டியத் தூக்குவீங்க. இன்னைக்கு அவங்க முன்னாடி தெரிஞ்சிருந்தா அப்புறம் தெருவுல எப்படி நடப்பீங்க? நீங்க ராவோட ராவா விசாவுக்குப் போன் போட்டிருவீங்க மச்சான்.” அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். “ஒம்பது வருஷம் இந்த மாடியில ஒத்தையில நின்னுட்டேன். அக்கா அக்காங்குறாங்க, இல்லேங்கல. அதுக்காக உங்கள இன்னொரு தடவ அனுப்பி வைக்க எனக்குத் தெம்பில்ல. குஞ்சு போனா மறுபடி பொரிக்கும்.”

ஹமீது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். தான் பறிக்க நினைத்ததை அவளே எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டாள், அவன் வீட்டில் இருந்தால் போதும் என்று. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்த தன்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

படியில் உட்கார்ந்து போனை எடுத்தான். குழுவில் வேல்ராஜ் அதற்குள் போட்டிருந்தான். ‘அக்கா கடலை போட்டதுல மூணு குஞ்சு போச்சு. இனி ஹமீது அண்ணன் பாத்துக்குவார்.’ அதன்கீழ் வரிசையாகக் கட்டைவிரல்கள். ஹமீது வாய்ஸ் பட்டனை அழுத்திப் பேச ஆரம்பித்தான், அழித்தான். மறுபடி பேசினான், அழித்தான். மூன்றாம் தடவை நிறுத்தாமல் பேசி முடித்தான்.

“நான் ஹமீது பேசுறேன். கடலை போட்டது எம் பொண்டாட்டி இல்ல, நான். அவ மதரஸாவுக்குப் போற நேரம் பாத்துக் களவாப் போட்டேன். நல்லதுக்குப் போடல. குஞ்சுக அவகிட்டப் போகாம எங்கிட்ட வரணும்னு போட்டேன். நீங்க எல்லாரும் அவளையே கேக்குறது எனக்குப் பொறுக்கல. மூணு குஞ்சையும் கொன்னது நான்தான். திட்டுறவங்க வீட்டுக்கு வந்து திட்டுங்க. நான் எங்கயும் போறதா இல்ல, இங்கனதான் இருப்பேன்.”

அனுப்பினான். ஒவ்வொருத்தராகக் கேட்பது தெரிந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. யாராவது கேவலமாக ஏதாவது சொல்லித் தொலைத்தால் பரவாயில்லை போலிருந்தது. பரவாயில்லண்ணே என்று ஒருத்தனாவது சொன்னால் அழுதேவிடுவான்.

குழுவிலிருக்கிற கமுதி தங்கப்பாண்டியிடமிருந்து போனே வந்துவிட்டது. மிளகாய்க் காட்டில் நிற்கிறான் போல, காற்றுச் சத்தம் காதை அடைத்தது.

“அண்ணே, கேட்டேன். போகுது விடுங்க. அக்கா பக்கத்துல இருக்காங்களா? போனக் குடுங்க. இங்கன எனக்கு ரெண்டு குஞ்சு நேத்துலேருந்து கழியுது.”

அவ்வளவுதான். ஹமீதுக்கு நெஞ்சில் அதே பழைய இடத்தில் சுருக்கென்றது. சாகிற நாள்வரைக்கும் இது போகாது என்று அப்போது தெரிந்துகொண்டான். எழுந்து மாடிக்குப் போய், “உனக்குத்தான்” என்று நீட்டினான்.

மெஹருன்னிசாவின் இரண்டு கையும் சோப்பு நுரை. “கை ஈரம். நீங்க புடிங்க மச்சான்” என்று தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். அவன் பிடித்தான். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, எச்சம் என்ன நிறம், இரைப்பை இறங்கியிருக்கா, கம்பு எப்ப வாங்கினது என்று கேட்டாள். தங்கப்பாண்டி விடுகிற ஆளில்லை. கால் மணி நேரம் போயிற்று. ஹமீதுக்குத் தோள் கடுத்தது. போனை மறு கைக்கு மாற்றி, அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.